பெற்றோரையும் பாயில் உட்கார வையுங்கள்

குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பு நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பிள்ளை உள்ளே போகும். கூட்டிவந்த அப்பாவோ அம்மாவோ வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். உள்ளே பலகையில் ஒரு மயில். அதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு மயில் வரைவார்கள். வெளியே வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்து, "கலர் கோட்டுக்கு வெளிய போயிருக்கே" என்று ஒரு வார்த்தை. அப்புறம் வீடு. அடுத்த வாரம் வரை அந்த நோட்டு பையிலேயே கிடக்கும்.

யார்மேலும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. காசு கட்டி அனுப்புகிறவர்களுக்கு அக்கறை இருக்கிறது, சொல்லிக்கொடுப்பவர்களும் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். ஆனால் வாசலில் நிற்கும் அந்தப் பெரியவரை உள்ளே கூப்பிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையிலும் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே நடப்பதே வேறு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் ஊர்ப்புற நூலகத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சில வருடங்களாக இதைத்தான் செய்துவருகிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூடுவோம். கட்டணம் இல்லை. பிள்ளைகள் தனியாகவும் வரலாம், ஆனால் வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வரச் சொல்லித்தான் அழைக்கிறோம். அம்மா, அப்பா, ஆயா, தாத்தா, சித்தி, யாராக இருந்தாலும் சரி. வருகிறவர் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அவரும் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

முதல் தடவை வரும் பெரியவர்கள் பெரும்பாலும் சொல்வது, "எனக்கு இதெல்லாம் வராதுங்க." இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் கொஞ்சம் வெட்கம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இந்த 'வராது' எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் விக்டர் லோவன்ஃபெல்ட். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன கலைக்கல்வி ஆசிரியர். குழந்தைகளின் ஓவியம் வயதோடு எப்படி மாறுகிறது என்பதை 1947-ல் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதினார். இரண்டு வயதில் கிறுக்கல். நாலு வயது வாக்கில் ஒரு வட்டம், அந்த வட்டத்திலிருந்தே கையும் காலும் முளைத்த ஓர் ஆள். ஏழு எட்டு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, அதன்மேல் வரிசையாக வீடு, மரம், மனிதர்கள். ஒன்பது பத்து வயதில்தான் சிக்கல் வருகிறது. தான் வரைந்த மாட்டையும் தெருவில் நிற்கும் மாட்டையும் பிள்ளை ஒப்பிட ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பது அதற்கே தெரிகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் துணைக்கு யாரும் இல்லையென்றால், பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது.

நம்மில் மிகப் பலர் அந்த வயதில் வைத்த பென்சிலைத் திரும்ப எடுக்கவே இல்லை. நாற்பது வயதுக்காரரிடம் தாளைக் கொடுத்தால் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓடும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று பத்து வயதில் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறார். வீட்டில் பிள்ளை "மாடு வரைஞ்சு குடு" என்று கேட்டால் அவருக்குக் கை நடுங்குகிறது. "போய் டீச்சர்கிட்ட கேளு" என்கிறார். ஓவியம் என்பது வெளியே யாரிடமோ காசு கொடுத்துக் கற்க வேண்டிய விஷயம் என்று பிள்ளை அங்கேதான் முடிவு செய்கிறது.

அதனால் நாங்கள் பென்சிலில் தொடங்குவதில்லை. களிமண்ணில் தொடங்குகிறோம். பென்சிலைக் கண்டு பயப்படுகிற பெரியவர்களில் யாரும் இதுவரை மண்ணைக் கண்டு பயந்ததில்லை.

களிமண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் பாக்கெட்டில் விற்கும் வண்ண மாவு வேறு, இது வேறு. எங்களுக்கு மண் கொடுப்பவர் பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் ஒரு பெரியவர். ஏரி மண்ணைக் காயவைத்து உடைத்து, கல்லும் வேரும் போகச் சலித்து, தண்ணீரில் ஊறவைத்து, காலால் மிதித்துப் பதமாக்கி, கொஞ்சம் மணல் கலந்து தருகிறார். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். விரலில் சுற்றிப் பார்த்து வெடிக்காமல் வளைந்தால் பதம் சரி. வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் தண்ணீர் அதிகம். இதைப் பிள்ளைகள் முதல் நாளே கற்றுக்கொள்கிறார்கள், யாரும் பாடமாகச் சொல்வதில்லை.

சின்னப் பிள்ளைகள் மண்ணை வைத்து எதையும் 'செய்ய' மாட்டார்கள். அடிப்பார்கள், கிள்ளுவார்கள், குத்துவார்கள், குச்சியால் ஓட்டை போடுவார்கள். பெரியவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். உடனே ஒரு பிள்ளையார் செய்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். "இப்படி இல்ல கண்ணு, குடு இங்க" என்று பிள்ளையின் மண்ணை வாங்கி உருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உங்கள் கையில் உங்கள் மண், பிள்ளை கையில் பிள்ளையின் மண். அதன் மண்ணை நீங்கள் தொடக் கூடாது. அது கேட்டால் உங்கள் மண்ணில் செய்து காட்டலாம். காது எப்படி ஒட்டுவது என்று கேட்டால், ஒட்டும் இடங்களில் குச்சியால் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி, அழுத்திக் காட்டுங்கள். அப்புறம் அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

ஒரு தடவை கொத்தனார் வேலை பார்க்கும் ஓர் அப்பா வந்திருந்தார். மகள் ஐந்தாம் வகுப்பு. வழக்கம்போல "எனக்கு வராதுங்க" என்றுதான் உட்கார்ந்தார். மண் கைக்கு வந்ததும் அவர் விரல்கள் தானாக வேலை செய்தன. இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, "மணல் கம்மியா இருக்குதே, காயும்போது வெடிக்கும்" என்றார். அது உண்மைதான். மகள் சுவர் எழுப்பி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் மடங்கி மடங்கி விழுந்தது. அவர் தன் மண்ணில் ஒரு சின்னச் சுவர் எழுப்பி, அடியில் அகலமாகவும் மேலே போகப் போக ஒல்லியாகவும் பிடித்துக் காட்டினார். ஏன் அப்படி என்றும் சொன்னார், பாரம் எங்கே இறங்குகிறது, மூலையை ஏன் கோர்த்துக் கட்ட வேண்டும் என்று. அந்த மகள் தன் அப்பாவை அன்று பார்த்த பார்வையைப் பற்றி நான் பெரிதாக எழுதப்போவதில்லை. அவர் தினமும் செய்கிற வேலைக்குள் இவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை அவள் கேட்டு அறிய அதுவரை ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளுக்கு அப்புறம் எங்கள் கூட்டத்தின் போக்கே மாறியது. என்ன சொல்லிக்கொடுப்பது என்று நாங்கள் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டு, வருகிறவர்களின் கைக்கு என்ன தெரியும் என்று கேட்கத் தொடங்கினோம். தையல் மெஷின் வைத்திருக்கும் அம்மா வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்தார். பூ கட்டும் அக்கா ஒருவர் வாழைநாரைக் கிழித்து ஈரப்படுத்தி முடிச்சுப் போடுவதைக் காட்டினார். கோர்க்கும் பூக்களின் நிறத்தை மாற்றி மாற்றி வைத்தால் வரும் வரிசையைப் பிள்ளைகள் தாளில் வரைந்தார்கள். தெருப் பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி ஓட்டக் கற்றுத்தந்த தாத்தா ஒருவர், பனங்குருத்தோலையில் ஈர்க்கை உரித்துவிட்டு, பின்னிப் பின்னி ஒரு கிலுகிலுப்பை செய்தார். உள்ளே நாலு கூழாங்கல். தென்னோலை வாட்ச், பூவரச இலைப் பீப்பீ எல்லாம் அவர் மடியிலிருந்து வந்தபடி இருந்தன. பிள்ளைகளைவிட அப்பாக்களுக்குத்தான் அன்று உற்சாகம். அவர்கள் சின்ன வயதில் செய்து மறந்தவை அவை.

கோலத்துக்குத் தனியாக ஒரு மதியத்தை ஒதுக்கினோம். ஆயாக்கள் நிறையப் பேர் வந்தார்கள். பையன்கள் முதலில் தள்ளி நின்றார்கள், "பொம்பளப் புள்ளைங்க வேலை" என்று ஒருவன் முணுமுணுத்தான். ஓர் ஆயா எதுவும் சொல்லாமல் அவன் முன்னால் மூன்று புள்ளி வைத்துக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். கையை எடுக்காமல் தொடங்கிய இடத்திலேயே வந்து முடித்துவிட்டு, "எங்க, நீ போடு" என்றார். அவனால் முடியவில்லை. அப்புறம் சாயங்காலம் வரை அவன் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு ஒரே சீராக இறங்குவதற்கே ஒரு பயிற்சி வேண்டும். வேகமாக இழுத்தால் கோடு விட்டுப்போகும், மெதுவாக இழுத்தால் தடித்துப்போகும். இடைப்புள்ளிக் கோலத்தில் ஏழு புள்ளியில் தொடங்கி இரண்டு பக்கமும் நாலு வரை இறங்கினால் மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் தரையிலேயே கூட்டி 37 என்றாள். அவள் ஆயாவுக்கு அந்த எண் தெரியாது. ஆனால் ஒரு புள்ளி குறைந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் கோலங்களைக் கணினி அறிவியலின் கண்ணோடு ஆராய்ந்தார்கள். ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் ஒரு கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார்கள். அந்த ஆய்வுகள் உலக அளவில் கவனம் பெற்றன. தாம்பரம் எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போகும் தூரம்தான். ஆயாக்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "பின்ன, கணக்கு இல்லாம எப்படிக் கோலம் வரும்?" என்றார் ஒருவர்.

குடும்பத் தொழில், கைவேலை, பிள்ளைகள் என்று மூன்றையும் ஒரே வரியில் தமிழ்நாட்டில் சொன்னால் ஒரு கேள்வி எழும், எழத்தான் வேண்டும். 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளியில் நேரத்தைக் குறைத்து மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டது சரி என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். கூடை முடைகிறவர் பிள்ளை கூடை முடையத்தான் வேண்டும் என்று யார் சொன்னாலும், எந்த இனிப்பான வார்த்தையில் சொன்னாலும், ஏற்றுக்கொள்ள முடியாது.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பையனின் வீட்டில் மூங்கில் கூடை முடைவார்கள். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் அதை வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். மூங்கில் வேலை ஒரு நாள் வைக்கலாமா என்று அவன் அம்மாவிடம் கேட்டபோது அவருக்கும் முதலில் தயக்கம்தான். "எங்க வேலைய எல்லாரும் பார்க்கணுமா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு விஷயத்தை மட்டும் சொன்னோம். அன்றைக்கு அவர்தான் ஆசிரியர், அப்படித்தான் எல்லோருக்கும் அறிமுகம் செய்வோம். ஒரு நாள் வேலைக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் பணம் கொடுப்போம். அவர் வந்தார். பட்டையைச் சீவும்போது கத்தி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் மகளுக்கும் ஒரு மளிகைக்கடைக்காரரின் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் அன்று மூங்கிலைத் தொடவில்லை. மூலையில் உட்கார்ந்து ஒரு விண்வெளி ஓடம் வரைந்தான். அதுவும் எனக்குச் சரியாகவே பட்டது. எல்லாக் கைவேலையும் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் எந்த வேலையோடும் கட்டப்படக் கூடாது. குலக்கல்விக்கும் இதற்கும் நடுவே நாங்கள் போட்டிருக்கும் கோடு இதுதான், ஒவ்வொரு மாதமும் அதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியூர் அனுபவம் என்றால் எங்களுக்குப் பக்கம் முட்டுக்காடு தக்ஷிணசித்ரா. சென்னை கைவினை அறக்கட்டளை 1996-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திறந்த இடம். லாரி பேக்கர் வடிவமைப்பில் தொடங்கியது. இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நெசவாளர் வீடு, குயவர் வீடு, விவசாயி வீடு, செட்டிநாட்டு வீடு என்று வீடு வீடாக ஏறி இறங்கலாம். எனக்கு அங்கே பிடித்தது, பார்த்துவிட்டு மட்டும் வர வேண்டியதில்லை என்பதுதான். சக்கரத்தில் கை வைக்கலாம், ஓலை பின்னலாம். குடும்பங்களோடு நாங்கள் போனபோது, சக்கரத்தின் முன்னால் அம்மாக்கள்தான் முதலில் உட்கார்ந்தார்கள். சுழலும் மண்ணில் இரண்டு கட்டைவிரலையும் இறக்கியதும் ஒரு கிண்ணம் விரிகிறதே, அதைக் கையால் உணர்ந்தவர்களுக்கு அப்புறம் எந்தப் பானையும் சாதாரணப் பானையாகத் தெரியாது.

ஆனால் ஒரு நாள் சுற்றுலாவால் மட்டும் ஆகக்கூடியது குறைவு. பத்து நிமிடம் சக்கரம், அடுத்தவர் வரிசையில் நிற்கிறார், எழுந்துவிட வேண்டும். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே மண் கைக்குக் கிடைத்தால்தான் கிண்ணம் கோணுவதும் ஏன் கோணுகிறது என்பதும் பிடிபடும். அதற்கு ஊருக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும்.

ஊருக்குள் இடம் என்றால் நினைவுக்கு வருவது இத்தாலியின் வடக்கே இருக்கும் ரெஜியோ எமிலியா. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ல் அந்த நகரத்தை ஒட்டிய வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள், பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டினார்கள். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கி, பெற்றோரே கையால் கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் அங்கே வந்து சேர்ந்தவர் லோரிஸ் மலாகுட்ஸி என்ற இளம் ஆசிரியர். அவர் வளர்த்தெடுத்த முறைதான் இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. 1963-லிருந்து நகராட்சியே மழலையர் பள்ளிகளை நடத்துகிறது. பள்ளிக்குள் ஒரு கலைக்கூடம், அதற்கென ஒரு கலைஞர், நிர்வாகத்தில் பெற்றோர். நம் நாட்டில் அந்தப் பெயரைப் பலகையில் போட்டு நடக்கும் மழலையர் பள்ளிகளில் பல, பெரிய கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். செங்கல் சுமந்த அப்பா அம்மாக்களிடமிருந்து தொடங்கிய ஒன்று, செங்கல் சுமக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அரசு தரப்பில் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஓவியம், பாட்டு, பரதம் என்று கற்றுத்தருகின்றன. இப்படி ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது, உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் விசாரியுங்கள். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. மேடையே ஏறியிராத பிள்ளைகள் ஏறுகிறார்கள், அது நல்லது. அதேசமயம் அது போட்டி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மாவட்டம், மாநிலம் என்று போகிறது. ஜெயித்த பிள்ளை மேலே போகும். தோற்ற பிள்ளை அந்த ஒன்பது பத்து வயதில் பென்சிலைக் கீழே வைப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

ஓவிய ஆசிரியர் விஷயம் இன்னும் சிரமம். கல்வி உரிமைச் சட்டம் 2009, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குத்தான். தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள், தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடும் செய்தியை வருடா வருடம் படிக்கிறோம். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்கோ இந்த ஏற்பாடு பொருந்தவே பொருந்தாது. கிறுக்கலும் வட்டமும் தரைக்கோடும் பிறக்கிற வயதில், பள்ளியில் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லை. ஊர் நூலகத்தில் ஒரு பாய் விரிப்பது இதற்கு மாற்றாக முடியும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், நிரந்தரமாக, மதிப்பான சம்பளத்தோடு வேண்டும். அது வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் பாயையும் விரிக்கிறோம்.

வண்ணம் பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். போஸ்டர் கலர் வாங்கக் காசில்லாத மாதங்களில்தான் எங்களுக்கு நல்ல கூட்டங்கள் அமைந்தன. செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் இளஞ்சிவப்பு, சமையல் சோடா கரைசலைத் தொட்டால் பச்சை கலந்த நீலம். சங்குப்பூ நீலம் எலுமிச்சை பட்டால் ஊதாவாகும். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தால் சிவக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் தேவைப்படவில்லை, ஆரத்தி கரைக்காத வீடு ஏது? சுண்ணாம்பைப் பெரியவர்களே கையாள வேண்டும், பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அடுப்புக்கரி, செம்மண், காவி மூன்றும் இருந்தால் ஒரு சுவரையே வரைந்துவிடலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு வைத்தால் பூ விழும். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சுகிறோம். பூச்சி வராமலிருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சினால் போதும். தரையில் விரிக்கப் பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போடுகிறோம், கழுவிக் காயவைத்தால் அடுத்த மாதத்துக்கும் ஆகும்.

"என்னடா இது?" என்ற கேள்வியை அங்கே கேட்பதில்லை. பிள்ளை வரைந்தது அதுவரை எதுவாகவும் இல்லாமல் இருக்கலாம், கேட்ட பிறகு அது வாத்தோ பஸ்ஸோ ஆகியே தீர வேண்டும். "இங்க என்ன நடக்குது, சொல்லேன்" என்று கேட்டால் கதை வரும். "சூப்பர்" என்பதையும் குறைத்துக்கொள்கிறோம். இந்த இடத்தில் மட்டும் கோட்டை ஏன் அழுத்தியிருக்கிறாய் என்று கேட்டால், பார்த்திருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. இதைப் பெற்றோருக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, அவர்கள் செய்ததைப் பார்த்து நாங்கள் அப்படிக் கேட்பதே சுலபமான வழி. தன் மண் யானையைப் பற்றி ஒருவர் அப்படி விசாரித்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்த அம்மா, அன்று சாயங்காலமே தன் பிள்ளையிடம் அதே மாதிரி விசாரிக்கிறார்.

எல்லோரும் மகிழ்ச்சியாக வந்துபோகிறார்கள் என்று எழுதினால் அது பொய். "படிக்க அனுப்பினா மண்ணுல விளையாட விடுறீங்களே" என்று கேட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போனவர்கள் உண்டு. அவர்களோடு வாதம் செய்வதில்லை. மண் பட்ட துணியைத் துவைப்பது அவர்கள்தான், அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது.

அதைவிடப் பெரிய குறை, வரவே முடியாதவர்கள். ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்குச் சனிக்கிழமை மதியம் என்பது தூங்கும் நேரமாகவோ வேலை நேரமாகவோ இருக்கிறது. செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு நூலகம் நாலு கிலோமீட்டர். குடும்பத்தோடு வாருங்கள் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, கூட்டிவர ஆளில்லாத பிள்ளை, "நமக்கு இல்ல போல" என்று ஒதுங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தனியாக வரும் பிள்ளைகளை, வந்திருக்கும் ஓர் ஆயாவோடோ அண்ணனோடோ சேர்த்து உட்கார வைக்கிறோம். பாதி தீர்வுதான் அது.

அதனால் இந்தக் கோடையிலிருந்து இரண்டாவது கூட்டம் ஒன்றைச் சூளைப் பக்கத்திலேயே, வேலை முடிந்து குளித்துச் சாப்பிடுவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வைத்துப்பார்க்கப் போகிறோம். அங்கே மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை, நாள் முழுக்க அதைத் தொட்டவர்கள் அவர்கள். மாலையிலும் மண்ணைக் கையில் கொடுப்பது நியாயமா என்று எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. தாளும் துணியும் வண்ணமும் கொண்டுபோவது என்று முடிவாகியிருக்கிறது. அந்தப் பக்கம் இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள், முக்கியமாகச் சூளையில் இருக்கும் ஒடியா பேசும் குடும்பங்களோடு பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள். எங்களில் யாருக்கும் அந்த மொழி தெரியாது, பிள்ளைகளோடு சமாளித்துவிடலாம், அம்மாக்களைப் பாயில் உட்காரச் சொல்லத்தான் வார்த்தை வேண்டும்.